மெமரி கார்டும் அப்பாவின் லேபிள்களும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் சுகம். அங்கே நீயும் மருமகளும் வாண்டும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. தினமும் போனில் பேசுகிறவளுக்கு இப்போது கடிதம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போன் மணி அடித்த உடனே ஸ்பீக்கரைப் போடு என்று சொல்லிவிட்டு அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளோடு தோளாக உட்கார்ந்துகொள்கிறார். நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவரும் இந்த ஊருமே கேட்கிற மாதிரி ஆமாம்டா என்று சொல்ல முடியுமா, இல்லைடா என்று பொய்தான் சொல்ல முடியுமா? இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். அந்தக் கடைக்காரர் கத்தரியைவிட வாயைத்தான் அதிகம் ஓட்டுவார், ஆகையால் எனக்குச் சாவகாசமாக நேரம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு மருமகளிடம் கொடு, அவளும் தெரிந்துகொள்ளட்டும். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடாதே.

முதலில் வீட்டுச் சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு மறந்துபோகும். குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, பிளம்பர் வந்து வாஷரை மாற்றிக் கொடுத்தார். என் முழங்கால் மழைக்கு முன்னால் ஒரு முனகல் முனகும், மழை பெய்ததும் அடங்கிவிடும், அதற்கு நீ அங்கிருந்து தைலம் கிய்லம் ஒன்றும் அனுப்ப வேண்டாம், முன்பு அனுப்பியதே மூடி திறக்காமல் இருக்கிறது. உன் தங்கை சின்னவளுக்கு வேலை தலைக்கு மேல். மோதி நசுங்கின வண்டிகளையெல்லாம் படம் பிடித்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் வேலை அல்லவா, மழைக்காலம் வந்தாலே அவளுக்கு அறுவடைதான். வெயிலில் அலைந்து கறுத்துப்போயிருக்கிறாள், கேட்டால் இதுதாம்மா இப்ப ஃபேஷன் என்கிறாள். வாய்க்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ என்ன கேட்டாய்? அப்பா ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேக்கிறார்மா, மறதி வந்துடுச்சா, உண்மையைச் சொல்லு, அப்படின்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க என்றாய். அவர் மாடியில் துணி எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் ஸ்பீக்கரில் நீயும் பேசினாய், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், துணிக் கூடையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கதவோரமாக நிற்கிறார்.   கூடையை வைத்துவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். அவன் கேட்ட கார்டு இருக்கில்ல, அந்த வேலையை நான் முடிச்சு அனுப்பறேன், யாரும் கை வைக்க வேண்டாம், அதுக்கப்புறம் யார் எங்க போறதுன்னு பேசிக்கலாம் என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அவர் கையில் எடுத்தது கார்டு வேலையை இல்லை, தனக்குத்தானே ஒரு பரீட்சையை என்று. அன்றிலிருந்து நானும் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்க்கிற தாய் மாதிரி ஆகிவிட்டேன்.

எந்தக் கார்டு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன லீவில் வந்தபோது வாண்டு நம் கூடத்தில் முதல் முதலாக எட்டு வைத்து நடந்ததை நீ கேமராவில் எடுத்தாய். கிளம்புகிற அவசரத்தில் கார்டைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு வெறும் கேமராவோடு விமானம் ஏறிவிட்டாய். மருமகள் அதற்காக உன்னை எத்தனை நாள் வறுத்தெடுத்தாள் என்பதும் எனக்குத் தெரியும், அவள் பக்கம்தான் நியாயம். குழந்தை முதல் அடி வைப்பது ஒரு தடவைதானே, அது அந்தக் கார்டில் மட்டும்தான் இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே எனக்குக் கார்டைத் தொடவே பயமாக இருந்தது.

டிராயரைத் திறந்து தேடினால் கார்டு இருந்தது, நெற்றியில் வெள்ளைக் காகிதத்தோடு. பெரியவன் – கேமரா – லீவு என்று அப்பாவின் கொட்டை எழுத்து. நம் வீட்டில் லேபிள் இல்லாத பொருள் உண்டா? பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவருக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்தார்கள், அந்தப் பழக்கத்துக்கு யார் கொடுப்பது? கம்பெனியில் அவருக்கு லேபிள் ஐயா என்றே பெயர், உனக்குத்தான் தெரியுமே, உன் பள்ளிக்கூட டிபன் பாக்ஸின் மூடிக்கு ஒன்று அடிப்பாகத்துக்கு ஒன்று என்று ஒட்டி அனுப்பி உன்னை வகுப்பே கேலி செய்தது. அதனால் கார்டில் லேபிளைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுவரில் சுண்ணாம்பு இருக்கிற மாதிரி, இந்த வீட்டில் சாமான் மேல் லேபிள் இருக்கும், அவ்வளவுதான்.

நீ வாங்கிக் கொடுத்த அந்தக் கார்டு ரீடரை எடுத்து, கார்டை அதில் செருகினார். கொஞ்சம் இறுக்கமாகப் போனது, புதுசு அப்படித்தான் இருக்கும் என்றார். கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கிற யுஎஸ்பி ஓட்டையில் ரீடரைச் சொருகினார். ஒரு அசைவும் இல்லை. ரீடரில் எரிய வேண்டிய பொட்டு விளக்கு எரியவில்லை. எடுத்து ஊதினார், மறுபடி சொருகினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது. சரி என்று பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்து ஓட்டையில் சொருகியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது, கம்ப்யூட்டரும் டொய்ங் என்று ஒரு சத்தம் கொடுத்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முன்பக்கத்துல கரண்ட் வரலை, அவ்வளவுதான், ஒயர் எங்கயோ கழண்டிருக்கும் என்று எனக்கு விளக்கம் வேறு. ஆனால் திரையில் கார்டின் படத்தைத் தட்டினால், உள்ளே கார்டைப் போடுங்கள் என்று கேட்டது. போட்டுத்தானே இருக்கிறோம்! எடுத்துக் காட்டி, இதோ பார் போட்டிருக்கேன் என்று நானே மானிட்டரைப் பார்த்துச் சொன்னேன். அப்பா சிரித்தார். அன்றைக்கு அதோடு போதும் என்று எழுந்துவிட்டார்.

இனி நீ கேட்ட கேள்விக்குக் கிட்டே வருகிறேன். மறுநாள் டீயைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், ரீடரை எடுத்து நேராக முன்பக்கத்து ஓட்டையில் சொருகினார். விளக்கு எரியவில்லை. எடுத்து ஊதினார். அணைத்துப் போட்டார். முதல் நாள் செய்ததை அதே வரிசையில், அதே முகத்தோடு, முதல் தடவை செய்கிற மாதிரியே செய்தார். நான் பக்கத்தில் துணிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன், ஊசி விரலில் ஏறிவிட்டது. முன்பக்கத்துல கரண்ட் வரலை போலிருக்கே என்று அவர் புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்படியா என்றேன். வார்டில் எத்தனை நோயாளிகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், எத்தனை பேர் வீட்டாரிடம் பக்குவமாக விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன், என் புருஷன் என்று வரும்போது அந்த நர்ஸ் எங்கே போய் ஒளிந்துகொண்டாளோ தெரியவில்லை.

அதற்கப்புறம் அவரே டிராயரிலிருந்து காகிதமும் டேப்பும் எடுத்து, முன்பக்கம் – வேலை செய்யாது என்று எழுதி அந்த ஓட்டையின் மேல் ஒட்டிவிட்டார். ஒட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஃபேன் சுவிட்சுக்கு லேபிள். இந்த வீடு கட்டின நாளிலிருந்து அதே இடத்தில் இருக்கிற சுவிட்சுக்கு எதற்கு லேபிள்? மாடிச் சாவிக்கு, மாத்திரை டப்பாவுக்கு, காஸ் அடுப்பின் குமிழுக்கு, இரவு அணைத்தாயா என்று அடுப்புக்கு மேலே இன்னொன்று. அதைப் பார்த்து எனக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சண்டைகூடப் போட்டேன். முன்பெல்லாம் அவர் லேபிள் ஒட்டியது மற்றவர்களுக்காக. இப்போது ஒட்டுவது தனக்காகடா. இத்தனை நாள் என் கண்ணெதிரே இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

கார்டுக் கதை இன்னும் இருக்கிறது. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனில் கேட்டோம். அவர் பொருளைப் பார்க்காமலே, கார்டு போச்சு சார், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்குங்க என்றார். வேற வாங்கலாம்ப்பா, பேரன் மறுபடி முதல்ல இருந்து நடக்க மாட்டானே என்று அப்பா பதில் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னவள் தன் வீட்டிலிருந்து வந்தாள். வந்ததும் தள்ளுங்கப்பா நான் பாக்கிறேன் என்று மவுஸைப் பிடுங்கி, எதை எதையோ திறந்து மூடினாள், ரீடருக்குக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற அடையாள எழுத்தை மாற்றிப் பார்க்கிறேன் என்றாள், அழித்துத் திரும்பப் போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கார்டைத் தன் ஆபீஸ் கேமராவில் போட்டுப் பார்த்தாள், கார்டு இல்லை என்றது கேமரா. அவ்ளோதாம்பா, செத்துடுச்சு என்று உதட்டைப் பிதுக்கினாள்.  மருமகளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று நான் அப்போதே வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா பதறவில்லை. உன் கேமரா கார்டை எடு என்று வாங்கி நம் ரீடரில் போட்டார். நசுங்கின வண்டியெல்லாம் வரிசையாகத் திரையில் வந்து நின்றது. சரி, ரீடர் நல்லா இருக்கு, பின்பக்க ஓட்டை நல்லா இருக்கு, கம்ப்யூட்டர் நல்லா இருக்கு, மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன்தான் என்று உன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். இங்க பாரு, கெட்டுப்போன சாமான்னா கெட்டிருக்குன்னு சொல்லணும், இது என்ன சொல்லுது, சாமானே இல்லைங்குது, ஸ்டோர்ல சாமான் ரேக்ல இருக்கும்போது ஒருத்தன் இல்லைன்னு சொன்னா சாமான் மேல தப்பு இல்லை, அவன் கை அதுமேல படலைன்னு அர்த்தம் என்றார். எனக்குச் சத்தியமாக உடம்பு சிலிர்த்தது. முதல் நாள் செய்தது ஞாபகம் இல்லாத அதே மனுஷர்தான் இப்படி நூல் பிடித்த மாதிரி யோசிக்கிறார். மறதி ஒரு பக்கம் அரித்தாலும் அறிவு அப்படியே உட்கார்ந்திருக்கிறது, இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்.

மேஜை விளக்கை இழுத்து, அதன் கீழே இரண்டு கார்டுகளையும் குப்புறப் படுக்க வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். கார்டின் முதுகில் பித்தளைப் பட்டைகள் வரிசையாக இருக்கும் அல்லவா, சின்னவளின் கார்டில் அது மின்னியது, உன்னுடையதில் மங்கலாக இருந்தது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். கண்ணுக்கே தெரியாத டேப்! கார்டின் நெற்றியில் இருக்கிற லேபிள் விழுந்துவிடக் கூடாது என்று கண்ணாடி டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டியிருக்கிறது, அது பின்னால் வந்து பித்தளை முழுவதையும் மூடியிருக்கிறது. பட்டை ரீடரில் படவே இல்லை. படாமல் எப்படிப் படிக்கும்? சின்னவள் ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எவன்டா இதை இப்படிச் சுத்தி ஒட்டினவன், வேலை தெரியாத கிறுக்கன் என்று சத்தம் போட்டார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, பெரியவனே. நிஜமாகவே கேட்டார். தன் கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார். சின்னவள், ஐயோ அப்பா நீங்கதானே என்று ஆரம்பித்தாள், நான் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன். நான்தான் ஒட்டினேன் என்றேன். எப்படித்தான் அந்தப் பொய் வாயில் வந்ததோ. அவ்வளவு சந்தோஷமாக இருந்த முகம், அதை அந்த நொடியில் உடைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, நர்ஸா இருந்தவளுக்கு பிளாஸ்திரியை எங்க ஒட்டறதுன்னு தெரியாதா என்று கேட்டாரே ஒரு கேள்வி! சின்னவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு நல்லா திட்டுங்க என்றேன். என் முதலுதவிப் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்து அவரிடம் கொடுத்தேன், டேப்பை ஓரத்திலிருந்து பொறுமையாக உரித்தார், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நான் பசையைத் துடைத்துக் காய வைத்தேன். உரித்த லேபிளை அவர் தூக்கிப் போடவில்லை, மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்தார். நான் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கார்டைப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது. ஒன்றுகூடப் போகவில்லை. போனில் அப்பா உன்னிடம் முடிஞ்சுது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்தது அப்போதுதான். அந்தப் பெரிய திரையில் வாண்டு சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்று, விட்டு, ஒரு அடி, இன்னொரு அடி, பொத்தென்று உட்கார்ந்து தானே கைதட்டிக்கொண்டதை நாங்கள் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தோம். பின்னால் அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்கிறேன் என்று குனிந்தபடியே கூட நடக்கிறார், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவருக்கு ஞாபகம் இருந்தது. அன்னைக்கு நீ பச்சைப் புடவை, கதவுக்குப் பின்னாடி நின்னு கத்தின, அதுல பயந்துதான் குழந்தை உக்காந்துடுச்சு என்றார். அது உண்மைதான். பிறகு படங்கள் வந்தன. நீ கிளம்பின அன்றைக்கு எடுத்ததில் ஒன்று, உன் பெட்டியின் கைப்பிடிக்கு அப்பா லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார், டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்து அறுக்கிறார். அந்தப் படத்தில் மவுஸ் கொஞ்சம் நின்றது. அப்புறம் அடுத்த படத்துக்குப் போய்விட்டது.  வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார், மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

நேற்று அந்த இடத்தில் நிறுத்தினேன். இன்று எழுதுவது வேறு மாதிரிக் கடிதமாகிவிட்டது, ஏனென்றால் இப்போது நான் ஒளிந்து எழுதவில்லை, கூடத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதாகப் பாவனை செய்கிறார். நடந்ததைக் கேள். நேற்று கடிதத்தை மடித்து முதலுதவிப் பெட்டிக்குள் வைத்தேன், அதை யார் திறக்கப் போகிறார்கள் என்று. முடி வெட்டுகிற கடைக்காரர் காதோரம் கத்தரியால் ஒரு கீறல் போட்டு அனுப்பியிருக்கிறார், பஞ்சு தேடிப் பெட்டியைத் திறந்தது யார்? அவர்தான். படிச்சீங்களா என்று கேட்டேன். எனக்கு எழுதினது இல்லையே, நான் எதுக்குப் படிக்கிறேன், ஆனா பெரியவனுக்குன்னு மேல இருக்கிறது தெரிஞ்சுது என்றார். சொல்லிவிட்டுப் போய் மானிட்டர் ஓரத்திலிருந்து அந்த லேபிளை உரித்துக்கொண்டு வந்து என் எதிரே மேஜையில் ஒட்டினார்.

எழுத்து என்னோடது, சுத்தி ஒட்டறதும் என்னோட வேலைதான், ஃபோட்டோவுலயும் பாத்தேன், ஒட்டின ஞாபகம் மட்டும் என்கிட்ட இல்லை, நீ எதுக்கு நான்தான்னு சொன்ன என்று கேட்டார். கோபம் இல்லை குரலில்.  நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, அதான் என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ எனக்காகப் பொய் சொன்னா என் கணக்கு குழம்பிடும்மா, எது நான் மறந்தது, எது நீ மறைச்சதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும், அப்புறம் நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது, என் தப்பை நீ எடுத்துக்காத, என்கிட்டயே கொடுத்துடு, நான் வெச்சுக்கறேன் என்றார். பிறகு, முன்பக்கத்துல கரண்ட் வரலைன்னு நான் சொன்னப்ப நீ அப்படியான்னு கேட்ட பாரு, முன்னாடியே ஒரு தடவை சொல்லிட்டேனோன்னு அப்பவே எனக்குச் சந்தேகம்தான், நீ என் பேச்சுக்கு அவ்வளவு சுலபமா அப்படியான்னு சொல்ற ஆளா என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்டா. எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினால் என்ன, இந்த மனுஷரிடம் ஒன்றை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நீ கேட்டதற்கு இதுதான் பதில், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு எழுதும் பதில். ஆமாம், அப்பா மறக்கிறார். என் பழைய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது, வருகிற வாரம் போகிறோம், சின்னவள் லீவு போட்டுக் கூட வருகிறாள். அவர்தான் முதலில் போகலாம் என்று சொன்னார், நான் இழுக்கவில்லை. டாக்டர் என்ன சொல்கிறார் என்பதை ஒன்று விடாமல் உனக்குச் சொல்வேன், ஸ்பீக்கரிலேயே சொல்வேன். வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்வதை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடு. இந்த வீட்டில் அவர் கை தானாகவே சுவிட்சைத் தேடிப் போகிறது, பின்பக்கத்து ஓட்டை எங்கே என்று பார்க்காமலே தெரிகிறது, கை போகாத இடத்துக்கு லேபிள் இருக்கிறது. அங்கே உன் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாக் கதவும் அவருக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதில் நீங்கள் லீவை முன்கூட்டியே எடுத்து வந்துவிட்டுப் போங்கள், முடியாவிட்டால் அதற்காக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, உன் வேலையும் வேலைதான்.

இன்னும் ஒன்று. போனில் அப்பா கேட்டதையே திரும்பக் கேட்டால், இப்பதானே சொன்னேன் என்று முகத்தில் அடிக்கிற மாதிரி சொல்லாதே, முதல் தடவை கேட்கிற மாதிரி நடிக்கவும் நடிக்காதே. அப்பா, இப்ப ஒரு தடவை கேட்டீங்க, மறுபடியும் சொல்றேன் என்று சொல்லிவிட்டுச் சொல். குரலில் சலிப்பு மட்டும் வரக் கூடாது. இது அவரே எனக்குப் போட்ட உத்தரவு, நேற்றிலிருந்து நான் பழகிக்கொண்டிருக்கிறேன், பழகினால் கஷ்டமாக இல்லை. நீ சரியாகத் தூங்கு, ராத்திரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, மருமகளை அதட்டாதே. இனிமேல் எந்தக் கார்டையும் டிராயரில் போட்டுவிட்டுப் போகாதே. போட்டால் இங்கே அதற்கு என்ன நடக்கும் என்று தெரியும் அல்லவா.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டி வரும். படங்கள் எல்லாவற்றையும் அப்பா ஒரு பென் டிரைவில் ஏற்றியிருக்கிறார், கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறார், கார்டு இங்கேயே பத்திரமாக இருக்கும். சின்னவள் போனிலேயே அனுப்பிவிடுகிறேன் என்றுதான் சொன்னாள், ஸ்டோரிலிருந்து சாமான் போனால் முறையாகத்தான் போகணும் என்று இவர் கேட்கவில்லை. பென் டிரைவின் மேல் எதையும் ஒட்டவில்லை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். லேபிளைப் பெட்டிக்கு வெளியேதான் ஒட்டினார். நேற்றிலிருந்து அவர் எழுதும் லேபிள்களில் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது, கம்பெனியில் சாமான் வைத்தவர் கையெழுத்துப் போடுகிற இடம் மாதிரி. வீட்டில் பழைய லேபிள் ஒவ்வொன்றையும் தேடிப்போய் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டு வருகிறார், காஸ் அடுப்புக்கு முடிந்துவிட்டது, இப்போது சாவி மாட்டுகிற ஆணியிடம் நிற்கிறார். உன் பெட்டியிலும் அது இருக்கிறது. பெரியவனுக்கு – வாண்டு நடந்தது – என்று மேலே எழுதி, அதன் கீழே, ஒட்டியது: அப்பா என்று எழுதியிருக்கிறார். பெட்டியைப் பிரிக்கும் அவசரத்தில் அதைக் கிழித்துவிடாதே, ஓரத்திலிருந்து பொறுமையாக உரித்து உன் மேஜையில் ஒட்டி வை. அதை ஒட்டியது நாளைக்கு அவருக்கு ஞாபகம் இருக்குமோ இருக்காதோ, உனக்கு இருக்கட்டும்.

நீயும் மருமகளும் ஒருவருக்கொருவர் துணையாக, வாண்டு ஓடியாடி, எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று உங்கள் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம். பெட்டி கைக்கு வந்ததும் போன் செய், இரண்டு பேரும் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு காத்திருப்போம்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா